முகப்புப் பக்கத்துக்கு மெம்கேஷ்டா, ரெடிஸா?

ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரிலிருந்து நாங்கள் மூன்று பேர் நடத்தும் படப் பகிர்வுத் தளத்தில் சாதாரண நாளில் கூட்டமே இருக்காது. அரிச்சல்முனையில் சூரிய உதயம், தேவிபட்டினம் நவபாஷாணம், காரங்காட்டு அலையாத்தி என்று நாளுக்கு ஐம்பது படம் வந்தால் அதிகம். 2025 ஏப்ரல் 6 அன்று பாம்பன் புதுப் பாலத்தைத் திறந்தார்கள். நடுவில் இருக்கும் தூக்குப் பாலம் மேலே போவதை ஆளாளுக்குப் படமெடுத்து ஏற்ற, அதைப் பார்க்க இன்னொரு கூட்டம் வர, முகப்புப் பக்கம் முக்கி முனகித் திறந்தது. படங்கள் கனமாக இருந்ததால் அல்ல. அதிக லைக் வாங்கிய 40 படம், எடுத்தவர் பெயர், லைக் எண்ணிக்கை என்ற ஒரே கேள்விக்கு, வந்த ஒவ்வொருவருக்காகவும் டேட்டாபேஸ் மூன்று டேபிளைத் திரும்பத் திரும்ப இணைத்துக்கொண்டிருந்தது.

அந்தப் பட்டியலை ரேமில் வைக்க வேண்டும், அவ்வளவுதான். அப்படி ரேமில் வைத்து வேகமாக எடுத்துத் தரும் மென்பொருள்கள்தான் மெம்கேஷ்டும் ரெடிஸும். பட்டியலை மட்டும், படக் கோப்பை அல்ல. மெம்கேஷ்டில் ஒரு பொருளுக்கு இயல்பான வரம்பே 1 எம்பி. ரெடிஸ் 512 எம்பி வரை வாங்கிக்கொள்ளும், அதற்காக அதில் போய் படத்தைத் திணிக்காதீர்கள். அது என்ஜின்எக்ஸ் போன்ற வெப் சர்வரும், கோப்புகளைப் பல ஊர்களில் பிரதி வைத்துத் தரும் சிடிஎன்னும் பார்க்க வேண்டிய வேலை.

முதலில் செயலிக்குள்ளேயே ஒரு டிக்‌ஷனரியில் வைத்துப் பார்த்தோம். வேகத்தில் இதை அடித்துக்கொள்ள ஆளில்லை, நெட்வொர்க்கே கிடையாதே! ஆனால் எங்களிடம் நான்கு வொர்க்கர்கள், அதாவது ஒரே செயலி நான்கு தனித்தனி ப்ராசஸாக ஓடுகிறது. அதனால் பட்டியலுக்கும் நான்கு பிரதிகள். ரெஃப்ரெஷ் செய்யச் செய்ய ஒரே படத்தின் லைக் 212, 209, 212 என்று ஊஞ்சலாடியது. தூக்கிவிட்டோம்.

அடுத்தது மெம்கேஷ்ட். லைவ்ஜர்னல் என்ற வலைப்பதிவுத் தளத்துக்காக 2003இல் பிராட் ஃபிட்ஸ்பாட்ரிக் எழுதியது. சாவியை (நாம் வைத்த பெயரை) கொடுத்தால் அதில் வைத்த மதிப்பைத் தரும், வேறு வித்தை தெரியாது. நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால் 64 எம்பிக்குள் அடங்கி இருக்கும். நிறைந்ததும் நெடுநேரம் யாரும் தொடாததைத் தானே கழித்துவிடும். இந்த அடக்கம் எனக்குப் பிடிக்கும். பட்டியலில்தான் சிக்கல். ஒரு படம் சேர்க்க முழுப் பட்டியலையும் எடுத்து, திருத்தி, திரும்ப எழுத வேண்டும். இருவர் ஒரே நேரத்தில் செய்தால் ஒருவருடைய படம் காணாமல் போகும். சரிபார்த்து எழுதவும் அதில் வழி உண்டு, ஆனால் அதற்கான நிரலை நாம் எழுத வேண்டும்.

2009இல் சால்வடோர் சன்ஃபிலிப்போ வெளியிட்ட ரெடிஸில் வரிசைப்படுத்திய தொகுப்பு என்றே ஒரு வகை இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண் வைத்து, அதன்படி அடுக்கியே வைத்திருக்கும். லைக் விழுந்தால் மதிப்பெண்ணை ஒன்று கூட்டு, மேலிருந்து 40 கொடு: இரண்டே கட்டளைகள். கட்டளைகளை அது ஒவ்வொன்றாகத்தான் நிறைவேற்றும், அதனால் மோதல் இல்லை.

ஆனால் அடங்கி இருக்காது. 64 பிட் கணினியில் மெமரி வரம்பு நாம்தான் வைக்க வேண்டும். நான் வைக்கவில்லை. ஒரு ராத்திரி ரேமை முழுக்கத் தின்று, லினக்ஸ் அதைக் கொன்றுபோட்டது. 256 எம்பி என்று வரம்பு வைத்தேன், அப்புறம் எழுதப்போனால் எல்லாம் பிழை. நிறைந்தால் பழசைக் கழி என்பதையும் தனியாகச் சொல்ல வேண்டுமாம்!

இப்போது ரெடிஸ்தான் ஓடுகிறது. வெறும் பக்கத் துண்டுகளை மட்டும் சேமிப்பதாக இருந்தால் மெம்கேஷ்டையே எடுத்திருப்பேன். ரெடிஸ் 2024இல் திறமூல லைசென்ஸிலிருந்து விலகியது உறுத்தினால் அதிலிருந்து பிரிந்த வால்கீ இருக்கிறது, நாங்கள் பயன்படுத்தும் கட்டளைகள் அப்படியே ஓடும்.

எதை எடுத்தாலும் ஒன்றைக் கவனியுங்கள். 30 நொடி ஆயுள் வைத்த பட்டியல் காலாவதியாகும் கணத்தில் எல்லாரும் மறுபடி டேட்டாபேஸ் மேல் விழுவார்கள். ‘ஏற்கெனவே இல்லையென்றால் மட்டும் எழுது’ என்ற வசதி இரண்டிலும் உண்டு. அதைப் பூட்டாக வைத்து ஒரு வொர்க்கர் மட்டும் புதிதாகத் தயாரிக்கட்டும். அதுவரை மற்றவை, வேறு சாவியில் வைத்திருக்கும் பழைய பட்டியலையே கொடுக்கட்டும்.