டேப்லெட் திரை மஞ்சளடிக்கிறதா? "பேனல் மாற்றியாயிற்று" என்ற வார்த்தையை மட்டும் நம்பி வாங்கி வராதீர்கள்

டேப்லெட்டின் திரை மஞ்சளடிக்கிறது என்றோ நீலம் பாய்ந்திருக்கிறது என்றோ புகார் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர்களும், புதிதாக ஒன்றை வாங்கிப் பெட்டியைப் பிரிக்கப் போகிறவர்களும் இதை முழுவதும் படித்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். குறையுள்ள திரையை மாற்றித் தருவதாகச் சொன்ன ஒரு சர்வீஸ் சென்டர், திரையின் நிறம் வாரண்டியில் அடங்காது என்று என்னிடம் பணமும் வாங்கிக்கொண்டு, கருவியைத் திறக்கக்கூடச் செய்யாமல், செட்டிங்ஸில் நிறத்தை மட்டும் கூல், அதாவது நீலம், பக்கம் தள்ளிவிட்டு, "டிஸ்ப்ளே பேனல் மாற்றப்பட்டது" என்று பில்லிலும் எழுதிக் கொடுத்தது. புகார் இன்னும் நடந்துகொண்டிருப்பதால் பெயரை எழுதவில்லை. ஆனால் நடந்த விதத்தை எழுதினால், அடுத்தவர் இதே வலையில் விழாமல் இருக்க உதவும்.

நான் குழந்தைகளுக்கான புத்தகங்களுக்குப் படம் வரைந்து வண்ணம் தீட்டுபவள். திரையில் பார்க்கும் நிறத்தை நம்பித்தான் அச்சுக்குக் கோப்பை அனுப்புகிறேன். அதனால்தான், தொழிற்சாலையிலேயே நிறம் சரிபார்க்கப்பட்டது என்று பெட்டியிலேயே அச்சிட்டிருந்த ஒரு டேப்லெட்டைத் தேர்ந்தெடுத்தேன். வேலையைத் தொடங்கியதுமே ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. பக்கத்தின் மேற்பகுதியில் வரைந்திருந்த ஒரு சிறுமியின் முகத்தை, படத்தின் அமைப்பை மாற்றுவதற்காக அப்படியே கீழே இழுத்து வைத்தேன். மேலே கோதுமை நிறத்தில் இருந்த கன்னம், கீழே வந்ததும் காமாலை கண்டதுபோல் மஞ்சளாகிவிட்டது. நிறத்தின் எண்களை எடுத்துப் பார்த்தேன். இரண்டு இடத்திலும் ஒரே எண்கள்தான். பிறகு வெறும் வெள்ளைப் பக்கத்தைத் திரை முழுவதும் திறந்து நேராகப் பிடித்துப் பார்த்தபோது, மேல் விளிம்பில் சுத்தமான வெண்மையும், கீழே இறங்க இறங்க மெல்லக் கூடிக்கொண்டே போகும் மஞ்சளும் தெளிவாகத் தெரிந்தன. டேப்லெட்டைத் தலைகீழாகத் திருப்பினால் மஞ்சள் மேலே வந்தது. ஆகவே அது அறையின் வெளிச்சத்தால் வந்ததும் அல்ல, என் பார்வைக் கோணத்தால் வந்ததும் அல்ல.

இங்கே ஒரு வேறுபாட்டைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். என்னை ஏமாற்றியவர்கள் இந்த வேறுபாட்டைக் குழப்பித்தான் காரியத்தைச் சாதித்தார்கள். திரை முழுவதும் ஒரே சீராகச் சற்று வார்மாகவோ (மஞ்சள் கலந்தோ) சற்று கூலாகவோ (நீலம் கலந்தோ) இருப்பது ஒன்று. ஒரே திரையில் ஓரிடம் வார்மாகவும் இன்னோரிடம் கூலாகவும் இருப்பது முற்றிலும் வேறொன்று.

திரையின் வெண்மையைக் கெல்வின் அளவில் குறிப்பார்கள். எண் குறையக் குறைய வெண்மை மஞ்சளை நோக்கியும், கூடக் கூட நீலத்தை நோக்கியும் போகும். கணினி, கைபேசி, டேப்லெட் ஆகியவற்றின் திரைகளுக்குப் பொதுவாக இலக்காகக் கொள்ளப்படுவது டி65 எனப்படும் வெண்மை. அது ஏறத்தாழ 6,500 கெல்வின். 1999-இல் சர்வதேசத் தரமாக வெளியான எஸ்ஆர்ஜிபி நிறவெளியும் (திரைகள் காட்ட வேண்டிய நிறங்களை வரையறுக்கும் அளவுகோல்) இதே வெண்மையைத்தான் அடிப்படையாகக் கொண்டது. அச்சுத் துறையிலோ படங்களை ஒப்பிட்டுப் பார்க்க டி50 என்ற 5,000 கெல்வின் வெளிச்சத்தைப் பயன்படுத்துகிறார்கள். அதனால் அச்சகத்தில் பணிபுரிபவருக்குச் சாதாரணத் திரை நீலமாகத் தோன்றுவது இயல்பு. எல்சிடி திரைகளுக்கு ஒளி தரும் வெள்ளை எல்இடி உண்மையில் ஒரு நீல எல்இடிதான். அதன்மேல் பூசப்பட்டிருக்கும் பாஸ்பர் என்ற பொருள் நீலத்தின் ஒரு பகுதியை மஞ்சளாக மாற்றுவதால் இரண்டும் கலந்து வெள்ளையாகத் தெரிகிறது. அந்தப் பூச்சு இம்மியளவு கூடினாலும் குறைந்தாலும் வெண்மை மாறும். ஒரே மாடலுக்குரிய பேனல்கள் ஒன்றுக்கு மேற்பட்ட ஆலைகளிலிருந்து வருவதும் உண்டு. ஆகவே ஒரே மாடலின் இரண்டு டேப்லெட்டுகளை அருகருகே வைத்தால் ஒன்று சற்று மஞ்சளாகவும் மற்றொன்று சற்று நீலமாகவும் தெரிவதில் வியப்பில்லை; அதை மட்டும் வைத்துக் குறை என்று சண்டை போடுவது நியாயமும் அல்ல. தனியாகப் பார்க்கும்போது சிறிது நேரத்தில் கண் அந்த வெண்மைக்குப் பழகிவிடும். விற்பனையாளர்கள் சொல்வதில் இந்த அளவுக்கு உண்மை இருக்கிறது.

ஆனால் கண் ஒரு வெண்மைக்குத்தான் பழகும். ஒரே பக்கத்தில் இரண்டு வெண்மைகள் இருந்தால் எதற்கென்று பழகும்? பெரும்பாலான டேப்லெட்டுகளில் எல்இடிகள் திரையின் ஒரு விளிம்பில் வரிசையாக இருக்கின்றன. அங்கிருந்து கிளம்பும் ஒளி, ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தகட்டின் வழியாகத் திரை முழுவதும் பரவுகிறது. அந்தத் தகட்டில் நெடுந்தூரம் செல்லும் ஒளியில் நீலம் சற்றுக் கூடுதலாக இழக்கப்படுவதால், எல்இடிக்கு எதிர் விளிம்பு மஞ்சளை நோக்கிச் சாயக்கூடும். நல்ல பேனலில் இந்தச் சாய்வு கண்ணுக்குத் தெரியாத அளவில் கட்டுப்படுத்தப்பட்டிருக்கும். கண்ணில் படும் அளவுக்கு இருந்தால் அது தரக் குறைவு; அதை எந்த செட்டிங்ஸாலும் சரிசெய்ய முடியாது. ஏனென்றால் செட்டிங்ஸில் செய்யும் மாற்றம் திரை முழுவதையும் ஒரே அளவில்தான் நகர்த்தும்.

டேப்லெட்டை வாங்கிய கடையில் முதலில் எனக்குச் சொல்லப்பட்ட பதில், "நைட் மோட் ஆனில் இருக்கும், மேடம்" என்பது. இரவில் திரையை மஞ்சளாக்கும் வசதி அது. அது அணைந்திருப்பதைக் காட்டினேன். சுற்றியிருக்கும் வெளிச்சத்துக்கு ஏற்ப வெண்மையைத் தானாக மாற்றும் வசதி ஒன்று இருக்கிறதே, அதுவாக இருக்கும் என்றார்கள். 2016-இல் ஆப்பிளின் 9.7 அங்குல ஐபேட் ப்ரோவில் ட்ரூ டோன் என்ற பெயரில் வந்த பிறகு பல நிறுவனங்களும் இதுபோன்ற வசதியைத் தருகின்றன. என்னுடையது வேறு நிறுவனத்தின் கருவி, அதிலும் அந்த வசதி இருந்தது. அதையும் அணைத்துக் காட்டினேன். மஞ்சள் அங்கேயே இருந்தது.

அடுத்து அந்தக் கடைக்காரர் செய்த காரியத்தை நினைத்தால் இப்போதும் மனம் கொதிக்கிறது. வெள்ளைப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அதைத் தம் கைபேசிக்கு அனுப்பி, "பாருங்கள், என் திரையில் எவ்வளவு வெள்ளையாக இருக்கிறது, உங்கள் டேப்லெட்டில் ஒரு குறையும் இல்லை" என்றார். ஸ்கிரீன்ஷாட் என்பது ஒவ்வொரு புள்ளிக்கும் உரிய எண்களைச் சேமித்து வைக்கும் ஒரு கோப்பு. பேனலிலிருந்து வெளிவரும் ஒளி எப்படி இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. உடைந்துபோன திரையை ஸ்கிரீன்ஷாட் எடுத்தாலும் படத்தில் விரிசல் இருக்காது. இந்தத் தொழிலில் இருப்பவருக்கு இது தெரியாமல் இருக்க வாய்ப்பே இல்லை. தெரிந்தேதான், விவரம் அறியாதவரை வாயடைக்கச் செய்ய இதைப் பயன்படுத்துகிறார்கள்.

அதற்கும் நான் ஒப்புக்கொள்ளாததால், "கண்ணாடியை ஒட்டியிருக்கும் பசை இன்னும் காயவில்லை, சில வாரம் பயன்படுத்துங்கள், தானாகவே வெள்ளையாகிவிடும்" என்றார்கள். இந்தப் பேச்சு 2010-இல் ஐபோன் 4 வந்த காலத்திலிருந்தே உலவுகிறது. அப்போது சிலருடைய திரைகளில் மஞ்சள் திட்டுகள் தெரிந்தன. பசை காய்ந்ததும் அவை மறையும் என்ற விளக்கம் பரவலாகச் சொல்லப்பட்டது. ஆனால் கண்ணாடியையும் பேனலையும் ஒட்ட இன்று பயன்படுத்தப்படுவது, காய வேண்டிய தேவையே இல்லாத ஒட்டும் படலம். அல்லது புறஊதா ஒளியைக் காட்டி ஆலையிலேயே இறுக வைக்கும் திரவப் பசை. ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புவரை சீராகக் கூடிக்கொண்டே போகும் மஞ்சளுக்கும் ஈரப் பசைக்கும் தொடர்பு இல்லை. காத்திருக்கச் சொன்னதன் நோக்கம் ஒன்றே ஒன்றுதான்: பொருளைத் திருப்பிக் கொடுப்பதற்கான கெடு முடிய வேண்டும். நான் கெடு முடியும் முன்பே எழுத்தில் புகார் கொடுத்தேன். "பரிசீலிக்கிறோம்" என்று பதில் போட்டு இழுத்தடித்து, கெடு முடிந்த பிறகு, இனி சர்வீஸ் சென்டருக்குத்தான் போக வேண்டும் என்று கைகழுவிவிட்டார்கள்.

சர்வீஸ் சென்டரில் பேச்சு வேறு மாதிரி இருந்தது. குறையை உடனே ஒப்புக்கொண்டார்கள். கீழ்ப்பகுதி மஞ்சளாக இருக்கிறது என்று ஜாப் ஷீட்டிலும் (பழுதுக்குக் கொடுக்கும்போது எழுதும் ரசீது) எழுதினார்கள். வாரண்டியில் நிற வேறுபாடு சேராது என்றும், பேனலின் விலையில் ஒரு பகுதியை நான் கட்டினால் மாற்றித் தருவதாகவும் சொன்னார்கள். கையில் இருந்த புத்தக வேலை நின்றுபோயிருந்ததால் பணத்தைக் கட்டினேன். திரும்ப வாங்கியபோது திரை பளிச்சென்று நீல வெண்மையாக இருந்தது. சர்வீஸ் சென்டரின் கண்கூசும் விளக்குகளுக்குக் கீழே பார்த்தால் குறையேதும் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து இருட்டில் பார்த்தபோதுதான் உண்மை தெரிந்தது. மேற்பகுதி இப்போது பனிக்கட்டி நீலமாகவும், கீழ்ப்பகுதி ஏறக்குறைய சரியான வெண்மையாகவும் இருந்தன. அதாவது அதே சாய்வு, அதே திசையில், இடம் மட்டும் நகர்ந்திருந்தது. பழைய பேனலில் வலது ஓரத்துக்கு அருகே எப்போதும் பச்சையாக எரியும் ஒரு புள்ளி இருந்தது. ஊசி முனையளவு இருக்கும், கறுப்புப் பக்கத்தில்தான் தெரியும். கருவியைக் கொடுப்பதற்கு முன் அதைக் கிட்டத்தில் படம் எடுத்து வைத்திருந்தேன். "புதிய" பேனலிலும் அதே இடத்தில் அதே பச்சைப் புள்ளி நின்றுகொண்டிருந்தது. இரண்டு பேனல்களில் ஒரே இடத்தில் ஒரே நிறப் புள்ளி தற்செயலாக அமையும் என்று யாரும் என்னை நம்பவைக்க முடியாது. செட்டிங்ஸைத் திறந்தேன். நடுவில் இருந்த வெண்மைச் சமநிலை (வைட் பேலன்ஸ்), கூல் கோடிக்குத் தள்ளப்பட்டிருந்தது. அதை நடுவுக்குக் கொண்டு வந்தவுடன் பழைய மஞ்சள், பழைய இடத்தில், பழையபடியே திரும்பி வந்தது.

இதில் பண இழப்போடு இன்னொரு சேதமும் உண்டு. மென்பொருளால் திரையைக் கூலாக்குவது என்பது நீலத்தைக் கூட்டுவது அல்ல. நீலம் ஏற்கெனவே உச்சத்தில் இருக்கும், ஆகவே சிவப்பையும் ஓரளவு பச்சையையும் குறைப்பதுதான் நடக்கிறது. அதனால் திரையின் அதிகபட்ச வெளிச்சம் குறைகிறது. சிவப்புக்கு உரிய படிநிலைகளும் சுருங்குகின்றன. தோல் நிறமோ அந்தி வானமோ தீட்டும்போது, மெல்ல மாற வேண்டிய நிறம் பட்டை பட்டையாகத் தெரிய ஆரம்பிக்கும். நீலம் பாய்ந்த அந்தத் திரையை நம்பி நான் வண்ணம் தீட்டியிருந்தால், கண் தன்னையறியாமல் சிவப்பையும் மஞ்சளையும் கூட்டியிருக்கும். அச்சில் குழந்தைகளின் முகங்கள் எல்லாம் ஆரஞ்சு நிறத்தில் வந்திருக்கும்.

அச்சுத் துறையில் இருக்கும் நண்பர் ஒருவர் தம்முடைய நிறமானியை (நிறத்தை அளக்கும் கருவி) திரையில் வைத்து அளந்து கொடுத்தார். நடுநிலை அமைப்பில் மேற்பகுதி 6,500 கெல்வினை ஒட்டியும் கீழ் மூலை 5,800-க்குக் கீழேயும் இருந்தன. அந்த அளவீட்டையும் புகாரில் இணைத்திருக்கிறேன்.

நிறமானி இல்லாதவர்களும் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. வாங்கிய அன்றே, நைட் மோடையும் தானியங்கி வெண்மை வசதியையும் தானியங்கி வெளிச்சத்தையும் அணைத்துவிட்டு, மங்கலான அறையில், திரை முழுவதும் வெள்ளையும் பிறகு நடுத்தரச் சாம்பல் நிறமும் தெரியும்படி வைத்து நேராகப் பாருங்கள். நிறச் சாய்வைச் சாம்பல்தான் முதலில் காட்டிக்கொடுக்கும். சாய்த்துப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். நல்ல பேனல்கூடக் கோணத்தில் பார்த்தால் சற்று மஞ்சளாகவோ நீலமாகவோ தெரியும். சந்தேகம் இருந்தால் கருவியை 180 பாகை திருப்பி, நிறம் கூடவே திரும்புகிறதா என்று பாருங்கள். ஆதாரத்துக்குப் படம் எடுக்கும்போது கைபேசி கேமராவின் வெண்மைச் சமநிலையைக் கையால் பூட்டி வையுங்கள். தானியங்கியாக விட்டால் கேமரா தானே திருத்தி, இருக்கும் மஞ்சளைக் குறைத்துக் காட்டிவிடும். திரை முழுவதும் ஒரே படத்தில் அடங்கட்டும். மேற்பகுதியையும் கீழ்ப்பகுதியையும் தனித்தனியாக எடுத்த படங்கள் எதையும் நிரூபிக்காது.

பழுதுபார்க்கக் கொடுப்பதற்கு முன், டெட் பிக்சல் (வேலை செய்யாத புள்ளி), கீறல், உள்ளே சிக்கிய தூசி என்று பேனலை அடையாளம் காட்டும் எதுவாக இருந்தாலும் படம் எடுத்துவிடுங்கள். செட்டிங்ஸில் நிறம் தொடர்பான எல்லாப் பக்கங்களையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வேறோரிடத்தில் வையுங்கள். ஸ்கிரீன்ஷாட் உதவுவது இதற்குத்தான். கழற்றிய பழைய பேனலைத் திருப்பித் தர வேண்டும், அல்லது குறைந்தபட்சம் கண்ணில் காட்ட வேண்டும் என்று ஜாப் ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள். புதிய பேனலின் பாக எண்ணும் வரிசை எண்ணும் பில்லில் இருக்க வேண்டும்; என் பில்லில் இரண்டுமே இல்லை, வெறும் ஒரு வரிதான் இருந்தது. கருவியைத் திரும்ப வாங்கும்போது அவர்கள் முன்னிலையிலேயே நிற அமைப்புகளை நடுநிலைக்குக் கொண்டு வந்து, திரையைக் கையால் மறைத்தாவது நிழலில் வைத்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

பச்சைப் புள்ளியின் முன், பின் படங்களையும் அளவீட்டையும் இணைத்து நான் எழுதிய கடிதத்துக்கு, "தொழில்நுட்பப் பிரிவுக்கு அனுப்பியிருக்கிறோம்" என்ற பதில் மட்டும் வந்திருக்கிறது. தொலைபேசியில் அழைத்தவர், இன்னொரு முறை கொண்டு வந்தால் இலவசமாகப் பார்த்துத் தருவதாகச் சொன்னார். கருவியை மறுபடி அவர்கள் கையில் கொடுக்கப்போவதில்லை என்றும், கட்டிய பணம் முழுவதும் திரும்ப வேண்டும் என்றும் எழுத்திலேயே தெரிவித்திருக்கிறேன். அவர்கள் என்ன சொன்னாலும், இதன் கீழேயே தேதியோடு சேர்க்கிறேன்.