டான்ஸ் பேண்ட் பாடகர்களைக் கேட்க: கிரேட் 78 தொகுப்பு எப்படி இருக்கிறது?

1930களின் டான்ஸ் பேண்ட் பாடகர்களையும் ஸ்விங் இசையையும் (ஆடுவதற்கேற்ற ஒரு ஜாஸ் வகை) உருப்படியாகக் கேட்க வேண்டும் என்றால் இன்டர்நெட் ஆர்கைவ் தளத்தில் இருக்கும் கிரேட் 78 தொகுப்பை விட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. கட்டணம் கிடையாது, விளம்பரம் கிடையாது, 4 லட்சத்துக்கும் மேற்பட்ட பழைய பதிவுகள். ஆனால் ஆப்பில் பிளேலிஸ்ட் போட்டுப் பழகியவர்கள் உள்ளே போனதும் திணறிப்போவார்கள். பாடகர் பெயரைத் தட்டினால் அவர் பாடியதில் பாதிப் பாட்டுகள் தேடலில் வராது, வந்ததும் கரகரவென்று கேட்கும், ஒரு நிமிடம் ஓடியும் யாரும் பாட ஆரம்பித்திருக்க மாட்டார்கள். இந்த மூன்றையும் பார்த்துவிட்டு "சரிப்படாது" என்று மூடிவிடுகிற நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்களுக்காகத்தான் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

முதலில் ஒலி. 78 சுழற்சித் தட்டு, அதாவது நிமிடத்துக்கு 78 முறை சுற்றும் பழைய கிராமபோன் தட்டு, அரக்கோடு கல்பொடி கலந்து அழுத்திச் செய்தது. (அந்த அரக்கில் பெரும்பங்கு இந்தியாவிலிருந்து போனது.) கனமான கிராமபோன் ஊசி திரும்பத் திரும்ப ஓடியதில் தட்டின் வரிப்பள்ளம் ஏதோ ஓர் ஆழத்தில் தேய்ந்திருக்கும், எந்த ஆழம் என்பது தட்டுக்குத் தட்டு மாறும். இந்தத் தட்டுகளில் பெரும்பாலானவற்றை டிஜிட்டலாக மாற்றிய ஜார்ஜ் பிளட் நிறுவனம் அதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. 2.3, 2.8, 3.3, 3.8 மில் என்று நான்கு அளவு ஊசிகளை ஒரே தட்டின் மேல் ஒரே நேரத்தில் ஓடவிட்டுப் பதிகிறார்கள். ஒரு மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. பெரிய ஊசி பள்ளத்தின் மேல்பக்கத்தில் உரசும், சின்னது ஆழத்தில் இறங்கும், ஆக ஏதாவது ஓர் ஊசிக்குத் தேயாத இடம் அகப்பட்டுவிடும். அந்தக் காலத்தில் ஒவ்வொரு கம்பெனியும் பாஸையும் (கனத்த ஒலி) ட்ரெபிளையும் (கீச்சென்ற ஒலி) தன் இஷ்டத்துக்குக் கூட்டிக் குறைத்துத் தட்டை வெட்டியது, அதைச் சமன் செய்த வடிவம் ஒன்று, செய்யாத வடிவம் ஒன்று என்று இரண்டையும் வைத்திருக்கிறார்கள். பக்கத்தைத் திறந்தவுடன் ஓடுவது பொறியாளர் தேர்ந்தெடுத்த வடிவம். கோப்புப் பட்டியலைத் திறந்து மற்ற ஊசிகளையும் கேட்டுப் பாருங்கள், அதே பாட்டில் ட்ரம்பெட் ஒன்றில் பிசிறும், இன்னொன்றில் சுத்தமாக நிற்கும். உட்கார்ந்து ஒப்பிட்டுக் கேட்பது எனக்கு அலுக்கவே இல்லை.

கரகரப்பை அவர்கள் நீக்குவதில்லை. நீக்காததுதான் சரி என்பது என் கட்சி. காசு கட்டிக் கேட்கிற ஒரு சேவையில் இதே பாட்டுகளின் தொகுப்பு ஒன்றைக் கேட்டேன், சத்தத்தைத் துடைக்கிறேன் என்று பாடகரின் 'ஸ', 'ஷ' எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, போதாததற்கு ஒரு பெரிய ஹாலின் எதிரொலியையும் சேர்த்திருந்தார்கள். இந்தப் பாடகர்களின் விசேஷமே கிட்டத்தில் கேட்கிற குரல். 1925 வரை ஒரு கூம்புக்கு முன்னால் நின்று கத்தித்தான் பதிய வேண்டும். அந்த வருடம் மைக் வைத்து மின்சார முறையில் பதிய ஆரம்பித்தார்கள், ரேடியோவும் அப்போதுதான் வீடுகளுக்குள் வந்துகொண்டிருந்தது. கத்தாமல், மூச்சு வாங்குவது கேட்கும்படி, ஒருவரிடம் பேசுகிற மாதிரி பாட முடிந்தது. மேடையில் மெகாபோன் பிடித்துப் பாடிய ரூடி வாலீ ரேடியோவில் அமெரிக்கா முழுக்கப் பிரபலமானது இப்படித்தான். அந்த மூச்சைத் துடைத்தால் பிறகு என்ன மிச்சம்? ஹெட்போனில் இரண்டு மூன்று பாட்டு கேட்டால் போதும், கரகரப்பு தானாகப் பின்னால் போய்விடும்.

அப்புறம் அந்த ஒரு நிமிடக் காத்திருப்பு. இது ஆடுவதற்காகப் போட்ட இசை. 10 அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம் சொச்சம்தான் இடம். பேண்ட் முதலில் மெட்டை முழுசாக ஒருமுறை வாசிக்கும், நடுவில் பாடகர் எழுந்து வந்து ஒரே ஒரு சுற்று பாடுவார், திரும்ப பேண்ட் எடுத்துக்கொண்டு முடித்துவிடும். பாடகருக்கு மொத்தமே ஒரு நிமிடம். லேபிளில் மேலே பெரிய எழுத்தில் பேண்ட் தலைவரின் பெயர் இருக்கும், பல தட்டுகளில் கீழே 'வோகல் ரிஃப்ரெய்ன்' (நடுவில் பாட்டு உண்டு) என்று மட்டும் போட்டுவிட்டு, பாடியது யார் என்பதையே விட்டுவிடுவார்கள். தேடும்போது பாட்டு அகப்படாமல் போவதற்கு முக்கியக் காரணம் இதுதான். லேபிளில் உள்ளதைத்தான் தளத்திலும் ஏற்றியிருக்கிறார்கள். எனவே பாடகரை மறந்துவிட்டு பேண்ட் தலைவரின் பெயரைப் போட்டுத் தேடுங்கள். பாட்டுப் பக்கத்தில் லேபிளின் படம் தெளிவாக இருக்கிறது, அதிலுள்ள எண்ணை வைத்து, கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான்டா பார்பரா நூலகம் நடத்துகிற அமெரிக்க ஒலிப்பதிவுப் பட்டியலில் தேடினால், பதிந்த தேதி, ஊர், பல சமயம் பாடியவர் யார் என்பதும் கிடைக்கும். இரண்டு ஜன்னல்களைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்பதுதான் சுகம்.

உதாரணத்துக்கு ஆல் பௌலி என்ற பாடகர். கிரேக்க அப்பா, லெபனான் அம்மா, பிறந்தது மொசாம்பிக்கில், வளர்ந்தது ஜோகன்னஸ்பர்க்கில். முடிவெட்டிக்கொண்டிருந்தவர், ஒரு பேண்டோடு கிளம்பி கல்கத்தா, சிங்கப்பூர் ஓட்டல்களில் எல்லாம் வாசித்துப் பாடிவிட்டு, பெர்லின் வழியாக 1928இல் லண்டன் போய்ச் சேர்ந்தார். 1930 முதல் 1934 வரையிலான நான்கு வருடங்களில் மட்டும் 500க்கும் மேற்பட்ட பாட்டுகள் பதிந்திருக்கிறார். அவற்றில் சிறந்தவை ரே நோபிள் பேண்டோடு செய்தவை. அது வழக்கமாக மேடையேறிய பேண்ட் அல்ல, லண்டன் ஓட்டல் பேண்டுகளிலிருந்து கெட்டிக்காரர்களைப் பொறுக்கியெடுத்து ஸ்டுடியோவுக்காகச் சேர்த்தது. அந்தப் பதிவுகளை விக்டர் கம்பெனி அமெரிக்காவில் வெளியிட்டு நன்றாக விற்றதால், பெரும்பாலும் அமெரிக்கத் தட்டுகளே இருக்கிற இந்தத் தொகுப்பிலும் நோபிள் பெயரில் தேடினால் பௌலி கிடைப்பார். 1934இல் பதிந்த 'த வெரி தாட் ஆஃப் யூ'வைக் கவனித்துக் கேளுங்கள். குரலை எங்கேயும் உயர்த்த மாட்டார், வரியின் கடைசிச் சொல்லைத் தாளத்துக்குச் சற்றுப் பின்னால் விடுவார், வயலின்கள் அவருக்காக ஒதுங்கி வழிவிடும். 1941 ஏப்ரல் 17 அதிகாலை, லண்டனில் அவர் வீட்டு வாசலில் ஜெர்மன் பாராசூட் குண்டு வெடித்து இறந்தார். முந்தின நாள் மாலைதான் ஹை விக்கம் என்ற ஊரில் பாடிவிட்டு வீடு திரும்பியிருந்தார்.

அமெரிக்கப் பக்கம் போனால் இந்தப் பெயர் விவகாரம் இன்னும் துலக்கமாகத் தெரியும். 1939இல் ஹாரி ஜேம்ஸ் பேண்டோடு பிராங்க் சினாட்ரா என்ற இளைஞர் 'ஆல் ஆர் நத்திங் அட் ஆல்' பாடினார், லேபிளில் பெரிய எழுத்து ஜேம்ஸுக்கு, சினாட்ரா கீழே சிறிதாக. விற்பனை சுமார் 8,000 பிரதிகள் என்று சொல்வார்கள். 1942 ஆகஸ்டில் இசைக்கலைஞர் சங்கம் பதிவுக்கூடங்களைப் புறக்கணித்தது, புதுத் தட்டு போட வழியில்லாமல் கொலம்பியா கம்பெனி 1943இல் அந்தப் பழைய பதிவையே திரும்ப வெளியிட்டது. இந்த முறை சினாட்ராவின் பெயர் மேலே, ஜேம்ஸ் பேண்ட் துணைக்கு. பத்து லட்சம் விற்றது. ஒரே பாட்டு, ஒரே குரல், ஒரு நோட் கூட மாறவில்லை. பேண்டுகளின் காலம் முடிந்து பாடகர்களின் காலம் தொடங்கியதை இதை விடச் சுருக்கமாகக் காட்ட முடியாது.

அதற்கு முன்னால் பெண் பாடகிகள் பட்ட பாடு தனிக்கதை. 1938இல் ஆர்ட்டி ஷா பேண்டோடு பாடிய பில்லி ஹாலிடேவை, கறுப்பினப் பெண் என்பதால், நியூயார்க்கின் லிங்கன் ஓட்டல் சரக்கு லிஃப்டில் போகச் சொன்னது, மேடையில் நட்சத்திரம் அவர்தான். சிக் வெப் பேண்டில் 1935இல் சேர்ந்தபோது எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டு என்ற பாடகிக்குச் சுமார் 18 வயதுதான். ஆனால் வெப் 1939இல் இறந்ததும் அந்த பேண்டே ஃபிட்ஸ்ஜெரால்டின் பெயரில் நடந்தது.

ரேடியோ நிகழ்ச்சிகளை இங்கே தேடாதீர்கள், இது தட்டுகளின் தொகுப்பு மட்டுமே, ஆர்கைவின் வேறு பகுதிகளில் பழைய ஒலிபரப்புகள் நிறைய இருக்கின்றன. ஸ்விங் பிடித்துக்கொண்டதே ரேடியோவால்தான் என்பதால் அதையும் கேளுங்கள். பேண்ட் தலைவர் பென்னி குட்மன் 1934 டிசம்பர் முதல் சனிக்கிழமை இரவுகளில் என்பிசி என்ற அமெரிக்க ரேடியோ நிறுவனத்தின் லெட்ஸ் டான்ஸ் நிகழ்ச்சியில் வாசித்தார், நியூயார்க்கில் அது நள்ளிரவு தாண்டிய நேரம், மேற்குக் கரையில் மூன்று மணி நேரம் முன்னதாக, பிள்ளைகள் விழித்திருக்கும் வேளை. 1935 ஆகஸ்ட் 21 அன்று லாஸ் ஏஞ்சல்ஸின் பலோமார் ஹாலில் அந்தப் பிள்ளைகள் திரண்டு வந்தார்கள், வழியெல்லாம் சரியான வரவேற்பில்லாமல் வந்த பேண்டுக்கு அங்கேதான் விடிந்தது.

குறை என்று சொல்வதானால் தேடல்தான். ஒரே பாட்டுக்கு நாலைந்து பிரதிகள் வரிசையாக நிற்கும், எது நல்ல தட்டு என்று கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். வருடம் பல பக்கங்களில் காலியாக இருக்கும். பெரிய கம்பெனிகள் 2023இல் இந்தத் தொகுப்பின் மேல் வழக்கு போட்டன, 2025இல் சமரசமாக முடிந்தது. எனவே மிகப் பிரபலமான சில பாட்டுகள் கிடைக்காமல் போகலாம். எனக்கு அது வருத்தம்தான், ஆனால் பிரபலமானவை வேறெங்கும் கிடைக்கும். யாருமே மறுவெளியீடு செய்யாத, பெயர் தெரியாத பாடகர் ஒரு நிமிடம் பாடிய தட்டுகளுக்கு இதை விட்டால் போக்கிடம் இல்லை.

புதிதாகப் போகிறவர்கள் ரே நோபிளின் 1931 முதல் 1934 வரையிலான பதிவுகளிலிருந்து தொடங்குங்கள். அடுத்து சிக் வெப், அதற்கடுத்து ஹெலன் வார்டு பாடிய குட்மன் தட்டுகள். கேள்விப்படாத பெயர்களுக்கு அப்புறம் போகலாம்.