தீம் பார்க் டிக்கெட்டோடு சாப்பாட்டுக் கூப்பனையும் சேர்த்து வாங்கப் போகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்

பிள்ளைகளுக்கு லீவு விட்டதும் குடும்பத்தோடு தீம் பார்க் போகத் திட்டம் போடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எந்த ரைடுக்கு எப்போது கூட்டம் குறையும், எந்த ஹோட்டல் பக்கம் என்று எல்லாவற்றையும் அலசிவிட்டு, சாப்பாட்டை மட்டும் "அங்கே போய்ப் பார்த்துக்கலாம்" என்று விடுகிறவர்கள் பாதிப் பேர். "அதான் பேக்கேஜிலேயே வருதே" என்று நிம்மதியாக இருப்பவர்கள் மீதிப் பேர். முதல் கூட்டத்துக்குப் பர்ஸ்தான் கரையும். நாங்கள் இரண்டாவது கூட்டம்.

டிக்கெட்டை பார்க்கின் சொந்தத் தளத்தில் வாங்கவில்லை. இடையில் நின்று விற்கும் ஒரு தளத்தில், மதிய உணவும் மாலைச் சிற்றுண்டியும் சேர்த்து ஒரே தொகைக்குப் போட்டிருந்தார்கள். படத்தில் மேஜை நிறையத் தட்டுகள், சிரிக்கும் குழந்தைகள். பணம் கட்டின பிறகு வந்த மின்னஞ்சலில் ஒரு க்யூஆர் கோடும், அதற்குக் கீழே எறும்பு சைஸ் எழுத்தில் சில வரிகளும் இருந்தன. "தேர்ந்தெடுக்கப்பட்ட உணவகங்களில் மட்டும்." "அன்றைய இயக்கத்துக்கு உட்பட்டது." "பானங்கள் சேராது." "பணம் திருப்பித் தரப்படாது." அந்த நாலு வரிக்கும் உள்ளே போன பிறகுதான் பொருள் விளங்கியது.

கூப்பன் செல்லும் என்று மூன்று கடைகளின் பெயர் கொடுத்திருந்தார்கள். ஒன்றில் "பராமரிப்புப் பணி" என்று போர்டு. இன்னொன்று வெறும் ஐஸ்க்ரீம் வண்டி. மூன்றாவது பார்க்கின் மறுகோடியில், குட்டிப் பிள்ளைகளின் ரைடுகளைத் தாண்டி. அங்கே போய் வரிசையில் நின்று கவுன்டரை நெருங்கினால், கோடு கேட்கிறார்கள். கோடு போனில் இருக்கிறது, போன் லாக்கரில் இருக்கிறது. தண்ணீர் ரைடுக்குப் போகிறவர்கள் போனை வேறெங்கே வைப்பார்கள்? கோட்டைப் பேப்பரில் அச்சடித்து எடுத்து வாருங்கள் என்று எவரும் சொல்லவில்லை. அந்த லாக்கரையும் ஒருமுறை திறந்தால் அதோடு சரி, மறுபடி பூட்ட மறுபடி காசு. என் கணவர் ஈர உடையோடு அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் ஓடிவிட்டு வந்தபோது மணி இரண்டைத் தாண்டிவிட்டது. "லஞ்ச் கூப்பன் ரெண்டு மணி வரைக்கும்தான் மேடம்" என்றார் கவுன்டர் பெண். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, அவர் முன்னால் இருந்த திரை அப்படிக் காட்டியது. மேலாளரை வரவழைத்து, பேசி, கெஞ்சி, கடைசியில் ஸ்கேன் செய்து உள்ளே விட்டார்கள்.

உள்ளே பார்த்தால் பஃபே தட்டங்களுக்கு அடியில் இருக்க வேண்டிய அடுப்பு அணைந்திருந்தது. மூடியைத் தூக்கினால் ஆவி வரவில்லை, மூடியின் உட்புறத்தில் ஆறிப்போன நீர்த்துளிகள் மட்டும். நூடுல்ஸ் முழுவதும் ஒரே கட்டி. கரண்டியால் தூக்கினேன், தட்டத்தின் வடிவத்திலேயே மொத்தமாக எழுந்து வந்தது. சமைத்த உணவைச் சூடாக வைப்பதென்றால் 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் வைக்க வேண்டும், அறை வெப்பத்தில் 2 மணி நேரத்துக்கு மேல் விடக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். அந்த நூடுல்ஸ் எப்போது வைத்தது என்று கேட்டதற்கு, தட்டங்களைத் துடைத்துக்கொண்டிருந்த பையன் மேலாளரைப் பார்த்தான், மேலாளர் வாசலைப் பார்த்தார். பிள்ளைகளுக்கு அதைக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

இதில் வேடிக்கை ஒன்று உண்டு. நுழைவுச் சீட்டு உயரத்தை வைத்து என்பதால், வயதுக்கு மீறி வளர்ந்த என் மகனுக்குப் பெரியவர்கள் கட்டணம் வாங்கினார்கள். ஆனால் கூப்பன் வயதை வைத்தாம், அதனால் அவனுக்குக் கிடைத்தது குழந்தைகள் தட்டு. ஆக டிக்கெட்டுக்குப் பெரியவன், சோற்றுக்குச் சின்னவன்.

சிரித்துவிட்டுப் போகலாம்தான், மாமியார் கூட வராமல் இருந்திருந்தால். அவருக்குச் சர்க்கரை. சாப்பாட்டு நேரத்தைக் கணக்குப் பண்ணி மாத்திரை போட்டுக்கொண்டிருந்தார். பையில் வைத்திருந்த பிஸ்கட்டை, வெளி உணவுக்கு அனுமதி இல்லை என்று வாசலிலேயே எடுத்து வைத்துவிட்டார்கள். வரிசையில் நிற்கும்போதே அவருக்குக் கை நடுங்க ஆரம்பித்தது, நெற்றியில் வியர்வை. ரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழே போனால் தாமதிக்காமல் 15 கிராம் அளவுக்குச் சட்டென்று ஏறும் இனிப்பு கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும் என்று டாக்டர் ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தார். பக்கத்து வண்டியில் பழச்சாறு வாங்கிக் கொடுத்துச் சமாளித்தேன். அந்த வண்டியில் கூப்பன் செல்லாது என்பதைச் சொல்லவே வேண்டாம். மறுநாள் விசாரித்தால், மருத்துவக் காரணத்துக்காகவும் கைக்குழந்தைக்காகவும் உணவு கொண்டுவர அந்தப் பார்க்கிலேயே விதிவிலக்கு உண்டாம்! வாசலில் நிற்பவருக்கு அது தெரியவில்லை. உங்கள் வீட்டிலும் சர்க்கரைக்காரர் இருந்தால் பார்க்கின் சொந்தத் தளத்தில் இருக்கும் விதியை அச்சடித்து, மருந்துச் சீட்டோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லா இடமும் இப்படி இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஃப்ளோரிடாவின் வால்ட் டிஸ்னி வேர்ல்டில் வீட்டுச் சாப்பாட்டை உள்ளே கொண்டுபோகலாம், மதுவும் கண்ணாடிப் பாத்திரங்களும்தான் கூடாது. அங்கே கவுன்டர் உணவகங்களில் கேட்டால் குடிதண்ணீரும் இலவசம். டோக்கியோ டிஸ்னிலேண்டில் கட்டுச்சோற்றை உள்ளே விடமாட்டார்கள், ஆனால் நுழைவாயிலுக்கு வெளியே உட்கார்ந்து சாப்பிடத் தனி இடம் உண்டு. நெதர்லாந்தின் எஃப்டெலிங்கில் வீட்டிலிருந்து கொண்டுவந்ததை உள்ளேயே உட்கார்ந்து சாப்பிடலாம். அதனால் டிக்கெட் எடுக்கும் முன்பே இதைப் பார்த்துவிடுங்கள். கூப்பன் தேவையா இல்லையா என்பது அங்கேயே பாதி முடிவாகிவிடும்.

இனி ராத்திரிக் கதை. பார்க் மூடும் நேரத்தில் மொத்தக் கூட்டமும் ஒரே சமயத்தில் வெளியே வருவதால் சுற்றியிருக்கும் கடைகளில் நிற்கக்கூட இடம் இல்லை. அறைக்கு வந்தால் கதவிடுக்கில் பளபளவென்று ஒரு பீட்சா நோட்டீஸ் கிடந்தது. "இலவச டெலிவரி, ஹோட்டல் விருந்தினர்களுக்குத் தள்ளுபடி." போன் செய்ததும் எடுத்தவர் அத்தனை மரியாதையாகப் பேசினார். பணத்தைக் கையில் தருகிறோம் என்றதற்கு, "இரவு நேரத்தில் டெலிவரி பையனிடம் ரொக்கம் வைப்பதில்லை சார், கார்டு மட்டும்தான்" என்றார். எண், காலாவதித் தேதி, பின்பக்க மூன்று இலக்கம், எல்லாம் கேட்டுக் குறித்துக்கொண்டார். பீட்சா வரவே இல்லை. திரும்ப அழைத்தால் மணி அடித்துத் துண்டாகிறது. ரிசப்ஷனில் கேட்டால், நோட்டீஸுக்கும் ஹோட்டலுக்கும் சம்பந்தமே இல்லை என்கிறார்கள். நள்ளிரவில் வங்கியிலிருந்து ஒரு குறுஞ்செய்தி வந்தது. நாங்கள் கேள்விப்பட்டே இராத ஒரு எலக்ட்ரானிக்ஸ் கடையில் எங்கள் கார்டைத் தேய்க்கப் பார்த்திருக்கிறார்கள். உடனே கார்டை முடக்கினோம்.

பழைய வித்தைதான் இது. ஹோட்டல் கதவிடுக்கில் வரும் பீட்சா நோட்டீஸைப் பற்றி அமெரிக்க அரசின் ஃபெடரல் டிரேட் கமிஷனே பொதுமக்களை எச்சரித்திருக்கிறது. தீம் பார்க் பக்கத்து ஹோட்டல்களில் இது எடுபடக் காரணம், அங்கே தங்கியிருப்பவர்கள் எல்லோரும் வெளியூர்க்காரர்கள், எல்லோரும் களைத்திருப்பார்கள், எல்லோருக்கும் பசிக்கிற பிள்ளைகள் இருக்கும். ராத்திரி சாப்பாடு வரவழைக்க வேண்டுமென்றால் கடையின் எண்ணை ரிசப்ஷனில் கேட்டு வாங்குங்கள். கதவடியில் கிடப்பது குப்பைக்கூடைக்கு.

கூப்பன் விஷயத்துக்கு வருகிறேன். விற்ற தளத்துக்குப் புகைப்படங்களோடு எழுதினேன். "உங்கள் கூப்பன் பயன்படுத்தப்பட்டதாகப் பதிவாகியுள்ளது" என்று பதில். இங்கேதான் சூட்சுமம் இருக்கிறது. ஸ்கேன் ஆன நிமிடத்திலேயே நீங்கள் சாப்பிட்டதாகக் கணக்கு. அதனால் ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள், போனை நீட்டும் முன் "கொஞ்சம் பார்த்துட்டு வரேன்" என்று உள்ளே எட்டிப் பாருங்கள். மூடியைத் தூக்கச் சொல்லுங்கள். முகம் சுளித்தால் சுளிக்கட்டும். கடை மூடியிருந்தால் அந்தப் போர்டை, நேரம் தெரியும்படி படம் எடுத்து வையுங்கள். எங்களிடம் இப்போது கைகொடுப்பது அந்தப் "பராமரிப்புப் பணி" போர்டின் படம்தான்.

மறுநாள் கூப்பன், நோட்டீஸ் எதுவும் இல்லை. காலையில் ஹோட்டலில் தாமதமாக நன்றாகச் சாப்பிட்டுவிட்டு, பார்க்கில் பதினொன்றரைக்கே, வரிசை சேரும் முன், கண்ணெதிரில் சமைத்துத் தரும் ஒரு கடையில் காசு கொடுத்துச் சாப்பிட்டோம். விலை கூடுதல்தான், ஆனால் தட்டு சூடாக இருந்தது. மாமியாரின் பிஸ்கட்டும் மருந்துச் சீட்டைக் காட்டியதும் உள்ளே வந்தது.

கூப்பன் பணத்துக்காகக் கார்டு கொடுத்த வங்கியில் டிஸ்ப்யூட் போட்டிருக்கிறோம். சொன்ன சேவை கிடைக்கவில்லை என்ற காரணம் காட்டி, போர்டின் படம், அந்த எறும்பு எழுத்து மின்னஞ்சல், அந்த நூடுல்ஸ் கட்டியின் படம் மூன்றையும் சேர்த்து அனுப்பினோம். முடிவு இன்னும் வரவில்லை.