வேலையை விடுவதா, சம்பளமில்லா விடுப்பா? பிள்ளைக்கு ரத்தப் புற்றுநோய் வந்த வீட்டின் கணக்கு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் வேலையை விடவில்லை, சம்பளமில்லா விடுப்பில் போனேன். அதனால் இது நடுநிலையான அலசல் இல்லை.

ராஜினாமாவில் இருக்கும் நிம்மதி எல்லோருக்கும் தெரிந்ததுதான். வார்டில் உட்கார்ந்திருக்கும்போது மேனேஜர் கூப்பிடமாட்டார், யாரிடமும் லீவ் கேட்டு நிற்கவேண்டாம். கைக்குச் சம்பளம் வராதது இரண்டிலும் ஒன்றே. "பிள்ளையை விட வேலை முக்கியமா" என்று கேட்கும் சொந்தபந்தத்துக்கும் ராஜினாமா என்றால் திருப்தி.

ஆனால் இந்த நோயின் கால அளவைப் பார்க்கவேண்டும். குழந்தைகளுக்கு அதிகம் வரும் ரத்தப் புற்றுநோயான ஏ.எல்.எல். (அக்யூட் லிம்ஃபோபிளாஸ்டிக் லுக்கேமியா) வகைக்குச் சிகிச்சை இரண்டு முதல் மூன்று வருடம் போகும். அத்தனை நாளும் ஒரே தீவிரத்தில் போகாது. முதல் ஆறேழு மாதம், சிலருக்கு இன்னும் கொஞ்சம் கூட, கீமோவும் முதுகுத்தண்டு ஊசியும் அட்மிஷனுமாகப் போகும். அப்புறம் மெயின்டனன்ஸ், அதாவது நோய் திரும்பாமல் இருக்க நீண்ட நாள் தரும் லேசான சிகிச்சை. தினமும் மெர்காப்டோப்யூரின், வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்சேட் என்று பெரும்பாலும் வீட்டிலேயே மாத்திரை, இடையிடையே ரத்தப் பரிசோதனை. அந்தக் கட்டத்தில் பல பிள்ளைகள் பள்ளிக்கே போகிறார்கள். முதல் சில மாதங்களின் பாரத்தை வைத்து மூன்று வருடத்துக்கும் சேர்த்து முடிவெடுக்கிறோமா என்பதுதான் என் முதல் சந்தேகம்.

முடிவைத் தீர்மானித்தது அதுகூட இல்லை, கம்பெனியின் குரூப் இன்ஷூரன்ஸ். பெரும்பாலான குரூப் பாலிசிகளில் ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காத்திருப்புக் காலம் (பாலிசி எடுத்தும் அந்த நோய்க்குப் பணம் தராத காலம்) கிடையாது. தனியாகப் புது பாலிசி எடுக்கப் போனால், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருக்கும் பிள்ளைக்குத் தருவார்களா என்பதே கேள்வி. தந்தாலும் அந்த நோய்க்கு 36 மாதம் வரை காத்திருக்கச் சொல்ல காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2024 விதிகள் இடம் கொடுக்கின்றன. அதற்குள் சிகிச்சையே முடிந்திருக்கும். குரூப் பாலிசியோ பொதுவாகக் கடைசி வேலைநாளோடு நின்றுவிடும். அதே இன்ஷூரன்ஸ் நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாற விண்ணப்பிக்கலாம், ஆனால் அதை வெளியேறும் முன்பே தொடங்குவது நல்லது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்கு ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கவேண்டும் என்பதால் மாதச் சம்பளக்காரர்களில் பலர் அதற்கும் வெளியே.

இங்கேதான் எங்கள் வீட்டுக் கணக்கு தலைகீழானது. விடுவதென்றால் அம்மாதான் விடவேண்டும் என்பது எல்லோருடைய எண்ணமும். என் சம்பளம் குறைவு என்பதால் எனக்கும் அதுவே சரியாகப் பட்டது. ஆனால் பிள்ளையின் பெயர் இருந்தது என் பாலிசியில். காப்புத்தொகை தீர்ந்தால் எச்.ஆர். ஒப்புதலோடு எடுக்கும் பஃபர் தொகையும் என் கம்பெனியில்தான் இருந்தது. கணவரின் கம்பெனியில் குடும்பத்தினரைச் சேர்ப்பது அடுத்த புதுப்பித்தலின்போதுதான். யாருக்குச் சம்பளம் குறைவு என்று பார்ப்பதற்கு முன் பிள்ளை யாருடைய பாலிசியில் இருக்கிறது என்று பாருங்கள். இருவர் பாலிசியிலும் இருந்தால் ராஜினாமாவுக்கு எதிரான என் வாதத்தில் பாதி விழுந்துவிடும்.

விடுப்பில் போகும் முன் எச்.ஆரிடம் மெயிலில் எழுதி வாங்கவேண்டியவை: விடுப்புக் காலத்திலும் காப்பீடு தொடருமா, பிரீமியத்தில் நம் பங்கைப் பிடிக்கச் சம்பளம் இல்லாதபோது எப்படிக் கட்டுவது, இடையில் பாலிசி புதுப்பித்தல் வந்தால் பிள்ளையின் பெயர் தானாகத் தொடருமா. வாய்வார்த்தையை நம்பவேண்டாம். கிராஜுவிட்டிக்கான (பணிக்கொடை) ஐந்து வருடக் கணக்கும் அனுமதி பெற்ற விடுப்பால் அறுந்துபோவதில்லை.

ஈ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் அரசுக் காப்பீட்டில் இருப்பவர்களுக்கு (மாதச் சம்பள வரம்பு 21,000 ரூபாய்) என் கணக்கு அப்படியே பொருந்தாது. அங்கே சந்தா சம்பளத்திலிருந்து போகிறது. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கட்டியதற்கு அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை பலன் என்பதுபோல. சம்பளமே இல்லாமல் கம்பெனியின் ஊழியர் பட்டியலில் பெயர் மட்டும் இருந்தால் போதாது. விடுப்புக்கு முன் கிளை அலுவலகத்தில் கேட்டுவிடுவது நல்லது. மத்திய அரசு ஊழியரான அம்மாக்களுக்குக் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு 730 நாள் வரை உண்டு, முதல் 365 நாள் முழுச் சம்பளம், மீதிக்கு 80 சதவீதம். அவர்களுக்கு இந்த அலசலே தேவைப்படாது.

தனியாரில் நீண்ட சம்பளமில்லா விடுப்பு நம் உரிமை இல்லை, மேலே இருப்பவரின் மனதைப் பொறுத்தது. எனக்குக் கிடைத்தது, எல்லோருக்கும் கிடைக்கும் என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. விலையும் கொடுத்தேன். அந்த வருட அப்ரைசல் போனது, திரும்பி வந்தபோது பழைய ப்ராஜெக்ட் வேறொருவர் கையில். தசைச் சிதைவு போல வருடக்கணக்கில் கூடிக்கொண்டே போகும் நோய்க்கு மாதக்கணக்கு விடுப்பு எவ்வளவு உதவும் என்பதில் எனக்கு அனுபவம் இல்லை.

மெயின்டனன்ஸ் தொடங்கியதும் வீட்டிலிருந்தே வேலை என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். கவுண்ட் (ரத்த வெள்ளணுக்களின் எண்ணிக்கை) குறைந்திருக்கும்போது காய்ச்சல் 38 டிகிரியைத் தொட்டால் பாராசிட்டமால் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது, உடனே மருத்துவமனை. அதனால் மீட்டிங் நடுவில் சொல்லாமல் எழுந்துபோவேன் என்பதையும் அதே மெயிலில் எழுதி வைத்தேன்.