வியாகுல மாதா செபமாலை, தங்கச்சிமடத்துல சர்ச் பக்கத்து கடைல வாங்கினது

ஒன்றரை வருசமா கைல வச்சு செபிக்கிறேன், அதான் இப்ப எழுதுறேன். இதுக்கு முன்னாடி வெளியூர் திருவிழாக் கடை ஒண்ணுல வாங்கினது கம்பில கோர்த்த மாலை, நம்ம உப்புக்காத்துக்கு மூணே மாசத்துல துருப்பிடிச்சு சட்டைப் பாக்கெட் எல்லாம் கறை, கடைசில அத்துக்கிட்டு மணி பூரா கருவாட்டுக் கூடைக்குள்ள சிதறிருச்சு, மனசு ரொம்ப கஷ்டமாயிருச்சு. இது நைலான் நூல்ல மணிக்கு மணி முடிச்சுப் போட்டது, வலை நூல் மாதிரி கெட்டி. 150 ரூபா.

வழக்கமான 53 மணி மாலைன்னு நெனச்சு வாங்கிறாதீங்க. இதுல ஏழு ஏழா 49 மணி, ஒவ்வொரு ஏழுக்கும் ஒரு சின்ன பதக்கம், அதுல மாதாவோட ஒரு வியாகுலம், அதாவது துயரம். மூணாவது பதக்கம் காணாமப் போன பாலன் இயேசுவ மூணு நாளா தேடினது. அத விரல்ல தடவும்போதெல்லாம், கடலுக்குப் போன ஆளு திரும்பாத ராத்திரி கரைல நிக்கிற நம்ம பொம்பளைங்க மொகந்தான் வரும்.

இந்த பக்திய ஊர் ஊரா பரப்பினது ஏழு வியாபாரிங்க ஆரம்பிச்ச மாதாவின் ஊழியர் சபைன்னு கடைக்கார அக்கா சொல்லித்தான் தெரியும். இத்தாலி பிளாரன்ஸ்காரங்க, 1233ல சபைய ஆரம்பிச்சாங்க. யாவாரம் நொடிச்சுப் போனவங்க இல்லங்க, நல்ல வசதியான குடும்பம், ஊருக்குள்ள கட்சிச் சண்டை ஓயாத நேரத்துல குடும்பத்துக்கு வழி பண்ணி வச்சுட்டு மோந்தே செனாரியோ மலைக்குப் போயிட்டாங்க. அதுல அலெக்சிஸ் பல்கோனியேரின்னு ஒருத்தர், குருப்பட்டமே வேணாம்னு கடைசி வரைக்கும் சாதாரண சகோதரரா இருந்து, சபைக்காக பிச்சை எடுத்திருக்கார். சரக்கு வாங்கி விக்கிற எனக்கு அது எவ்வளவு பெரிய விசயம்னு நல்லாவே புரியுது. 1310 பிப்ரவரி 17 அவர் இறந்த நாள், ஏழு பேருக்கும் அன்னைக்குத்தான் திருநாள். 1888ல பாப்பரசர் பதின்மூன்றாம் சிங்கராயர் ஏழு பேரையும் ஒண்ணாவே புனிதரா அறிவிச்சிருக்கார்.

குறைன்னா, கூட தர்ற செபப் புத்தகத்துல எழுத்து ரொம்ப பொடிசு, வயசானவங்களுக்கு ஆகாது. ஏழாவது பதக்கத்துல கல்லறைப் படம் மொழுக்குன்னு இருக்கு. மத்தியானம் கடை பூட்டிருவாங்க, சாயங்காலமா போங்க.

அம்மாவுக்குப் பெரிய மணில ஒண்ணு சொல்லிருக்கேன், செப்டம்பர் 15 வியாகுல மாதா திருநாளுக்குள்ள கோர்த்துத் தர்றேன்னு சொல்லிருக்காங்க அக்கா.