நாலு குமிழா, ஆறா, எட்டா? பிளாக்கில் நீராவி எஞ்சின் கட்ட எந்த அளவு

லெகோ மாதிரியான பிளாக்குகளில் நீராவி எஞ்சின் கட்ட நினைப்பவர் முதலில் தீர்மானிக்க வேண்டியது அகலத்தைத்தான். எந்த எஞ்சின், என்ன நிறம் என்பதெல்லாம் அப்புறம். உடல் 4 குமிழ் (பிளாக்கின் மேல் உள்ள வட்டப் புடைப்பு) அகலமா, 6 குமிழா, 8 குமிழா? சக்கரம், பாய்லர், செலவு எல்லாம் அந்த ஒரு முடிவைப் பொறுத்தே அமையும். தர்மபுரியில் கோடை விடுமுறை தோறும் பிள்ளைகளோடு உட்கார்ந்து இதைக் கட்டுகிறவன் நான். என் கட்சியை இங்கேயே சொல்லிவிடுகிறேன்: நம் நாட்டு அகலப்பாதை எஞ்சினுக்கு 4 குமிழ்தான் சரி. காரணம் கணக்கில் இருக்கிறது.

ஒரு குமிழுக்கும் அடுத்த குமிழுக்கும் இடைவெளி 8 மி.மீ. அப்படியென்றால் 4 குமிழ் 32 மி.மீ. இந்திய அகலப்பாதையில் ஓடும் வண்டிக்கு அனுமதித்த அதிகபட்ச அகலம் 3,250 மி.மீ. நூறில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டால் உடல் கச்சிதமாக உட்கார்ந்துவிடுகிறது. அதோடு நிற்கவில்லை. தண்டவாள இடைவெளி 1,676 மி.மீ.; நூறில் ஒரு பங்கு 16.8. அது இரண்டு குமிழ். சரக்கு வண்டிகளை இழுத்த டபிள்யூஜி எஞ்சினின் ஓட்டுச் சக்கரம், அதாவது நீராவியின் விசையால் சுழலும் பெரிய சக்கரம், சுமார் 1,560 மி.மீ. விட்டம். 2-க்கு 2 குமிழ் அளவுள்ள வட்டத் தட்டு ஏறக்குறைய 16 மி.மீ. கடையில் கிடைக்கும் சாதாரண வட்டத் தட்டே டபிள்யூஜியின் சக்கரமாகிவிடுகிறது! பயணிகள் வண்டியை இழுத்த டபிள்யூபிக்குச் சக்கரம் கொஞ்சம் பெரியது, 1,705 மி.மீ. அதே தட்டைப் போட்டால் ஒரு மில்லிமீட்டர்தான் குறையும், கண்ணுக்குத் தெரியாது.

6 குமிழ் அகலத்தில் இந்தப் பொருத்தம் எதுவும் இல்லை. 48 மி.மீ. உடல் என்றால் அளவு 68-இல் ஒரு பங்கு. லெகோ தண்டவாளத்தின் இடைவெளி 37.5 மி.மீ.; அதை 68-ஆல் பெருக்கினால் இரண்டரை மீட்டருக்கு மேல் வருகிறது. நிஜப் பாதையைவிட ஒன்றரை மடங்கு அகலம். டபிள்யூஜியின் சக்கரம் 23 மி.மீ. இருக்க வேண்டும், லெகோ தரும் பெரிய ரயில் சக்கரம் சுமார் 30 மி.மீ., சின்னதோ 18-ஐ ஒட்டியது. இரண்டும் ஒத்துவராது. குழந்தை கையில் எடுத்து ஓட்ட, மோட்டார் வைக்க, பொம்மை மனிதனை உட்காரவைக்க 6 குமிழ் நல்லது, மறுக்கவில்லை. ஆனால் ஒரு குறிப்பிட்ட எஞ்சினை அடையாளம் தெரியும்படி வடிவமைக்க நினைப்பவருக்கு அது மூச்சுமுட்டும் அளவு.

8 குமிழ்தான் 4-க்கு உண்மையான போட்டி. 64 மி.மீ., அதாவது 51-இல் ஒரு பங்கு. அங்கே டபிள்யூஜியின் சக்கரம் 30.6 மி.மீ. ஆகிறது. 2009-இல் எமரால்டு நைட் என்ற எஞ்சின் பெட்டியோடு லெகோ கொண்டுவந்த பெரிய சக்கரம் இதற்கென்றே செய்தது போல இருக்கும். இணைப்புத் தண்டு நிஜமாகவே ஏறி இறங்கும். அதைப் பார்க்கும் சுகம் 4 குமிழில் கிடையாது. ஆனால் டெண்டரோடு (நிலக்கரியும் தண்ணீரும் சுமக்கும் பின்பெட்டி) சேர்த்து 23 மீட்டருக்கு மேல் நீளும் எஞ்சின் இந்த அளவில் 45 செ.மீ. தாண்டும். லெகோவின் வளைவுத் தண்டவாளமோ 32 செ.மீ. ஆரம்தான். எட்டு ஓட்டுச் சக்கரமுள்ள டபிள்யூஜி அதில் திரும்ப வேண்டுமானால் நடு அச்சுகளுக்கு விளிம்பில்லாத சக்கரம் போட வேண்டும். எண்ணிக்கை ஆயிரம் பிளாக்குகளைத் தாண்டும். தேவையான துண்டை வெளிநாட்டிலிருந்து தனித்தனியாக வரவழைத்தால் தபால் செலவும் சுங்க வரியும் துண்டின் விலையையே விழுங்கிவிடும். 4 குமிழ் எஞ்சினோ சில நூறு துண்டுகளில் முடிந்துவிடும்; பள்ளிக்கூட ஸ்கேலைவிடக் கொஞ்சம் குட்டை.

4 குமிழில் மூளைக்கு வேலை பாய்லரில்தான். இங்கே இரண்டு வழி. முதலாவது, 2-க்கு 2 உருளைப் பிளாக்குகளை வரிசையாகக் கோத்துப் படுக்கவைப்பது. நடுவில் அச்சுத் துளை இருப்பதால் ஒரு நீள அச்சைச் செருகினால் பாய்லர் தொங்காது. ஒரு பிளாக்கின் உயரம் 9.6 மி.மீ., கீழே அடித்தளத்தில் குமிழ் இடைவெளி 8 மி.மீ. என்பதை மட்டும் மறக்கக் கூடாது. ஐந்து உருளை சேர்ந்தால் 48 மி.மீ., அது சரியாக ஆறு குமிழ். வேறு நீளம் வேண்டுமென்றால் 3.2 மி.மீ. உயரமுள்ள மெல்லிய துண்டுகளான பிளேட்டுகளைச் செருகுங்கள், ஐந்து பிளேட் இரண்டு குமிழுக்குச் சமம். இதைப் பிள்ளைகள் ஒருமுறை பிடித்துக்கொண்டால் அப்புறம் கணக்குக்கு நம்மிடம் வரமாட்டார்கள்.

இரண்டாவது வழி, பக்கவாட்டில் குமிழ் உள்ள பிளாக்குகளை உள்ளே வைத்து இரு பக்கமும் வளைவுத் துண்டும் வழவழப்பான தட்டும் ஒட்டுவது. 16 மி.மீ. உள்ளுடலோடு பக்கத்துக்கு 3.2 சேர்த்தால் 22.4. டபிள்யூபியின் பெருத்த உடம்புக்கு இதுதான் வேண்டும். உருளைக் கோவையில் அந்த எஞ்சின் நோஞ்சானாகத் தெரியும். அதன் கூம்பிய மூக்குக்கு ஒரு 2-க்கு 2 அரைக்கோளம், மூக்கின் நடுவில் இருந்த நட்சத்திரத்துக்குப் பதில் வெள்ளி நிற வட்டத் தட்டு போதும். சின்ன எஞ்சின்களுக்கு முதல் வழியே போதும், உறுதியும் அதிகம்.

நம் மாவட்டத்து எஞ்சினுக்கு மட்டும் என் தீர்ப்பு மாறும். மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்கு 1906-இல் நேரோ கேஜ் (குறுகிய பாதை) ரயில் வந்தது, 1913-இல் ஓசூர் வரை நீண்டது, 1941-இல் மூடிவிட்டார்கள். திருப்பத்தூர் - கிருஷ்ணகிரி பாதையும் அதே இரண்டரை அடி, 762 மி.மீ. இன்று கிருஷ்ணகிரி நகரத்துக்கு ரயிலே இல்லை. இந்தப் பாதைகளின் நினைவை மேசையில் வைத்துக் காட்டுவது எனக்கு முக்கியம். நூறில் ஒரு பங்கில் கட்டினால் 762 மி.மீ. ஒரே குமிழாகச் சுருங்கி, சக்கரம் தீக்குச்சித் தலை மாதிரி ஆகிவிடும். லெகோ தண்டவாளத்திலோ அளவு இருபதில் ஒரு பங்காகி எஞ்சின் பூதமாக வளரும். அதனால் 48-இல் ஒரு பங்கு எடுங்கள். பாதை இரண்டு குமிழ், உடல் 5 அல்லது 6 குமிழ், ஒரு மீட்டருக்கும் குறைவான அந்தச் சின்னச் சக்கரத்துக்கு அதே 16 மி.மீ. வட்டத் தட்டு. தண்டவாளத்தை நீளத் தட்டுகளை வைத்து நாமே போட்டுக்கொள்ளலாம். ஓடாது, ஆனால் அளவு பொய் சொல்லாது. இந்தியாவின் 762 மி.மீ. பாதைகளில் ஓடிய இசட்பி வகையின் சக்கர அமைப்பு 2-6-2, அதாவது முன்னால் இரண்டு சிறு சக்கரம், நடுவில் ஆறு ஓட்டுச் சக்கரம், பின்னால் இரண்டு சிறு சக்கரம். ஓட்டுச் சக்கரத்துக்குப் பக்கத்துக்கு மூன்று வட்டத் தட்டு, முன்னும் பின்னும் ஒவ்வொரு சிறு வட்டம். அதிலிருந்து ஆரம்பியுங்கள்.