கோத்தகிரியில் ஐஸ்கஸி: இரண்டு மழைக்காலத்துக்குப் பிறகு

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலை. பச்சை இலை எடைக் கணக்கு ஓடும் லினக்ஸ் சர்வருக்கு நாஸ் பெட்டியிலிருந்து (நெட்வொர்க்கில் இணைந்த சேமிப்புப் பெட்டி) ஐஸ்கஸி வழியாக (வெளியே உள்ள வட்டை நெட்வொர்க் மூலம் சொந்த வட்டுபோலக் காட்டும் முறை) வட்டு கொடுத்து இரண்டு வடகிழக்குப் பருவமழை போய்விட்டது. வேகத்தில் குறை இல்லை. இந்த வேலைக்கு ஜிகாபிட் ஸ்விட்சே தாராளம். தொல்லை எல்லாம் கரண்ட் கண்சிமிட்டும்போதுதான்.

சர்வருக்கும் நாஸுக்கும் யுபிஎஸ் வாங்கிவிடுவார்கள். நடுவில் இருக்கும் ஸ்விட்ச் மட்டும் சுவர் பிளக்கில் தொங்கும். மரக்கிளை ஒயரில் உரசி இரண்டு நொடி கரண்ட் போனாலே அது ரீபூட் ஆகும். மேனேஜ்டு ஸ்விட்ச் (அமைப்புகளை மாற்றக்கூடிய வகை) என்றால் எழுந்திருக்க மூன்று நிமிடம்கூடப் பிடிக்கும். ஓபன் ஐஸ்கஸியின் (லினக்ஸ் சர்வரில் ஐஸ்கஸியை இயக்கும் மென்பொருள்) ரீபிளேஸ்மென்ட் டைம்அவுட்டோ, அதாவது அறுந்த இணைப்பு திரும்பக் காத்திருக்கும் நேரம், இயல்பாக 120 நொடி. அதுவரை எழுதவேண்டியவை வரிசையில் காத்திருக்கும். தாண்டினால் பிழை மேலே போய், எக்ஸ்ட்4 கோப்புமுறை தன் ஜர்னலை (மாற்றங்களின் பதிவேடு) நிறுத்தி 'படிக்க மட்டும்' ஆகிவிடும். பிறகு செஷன் (நாஸுடனான இணைப்பு) தானே திரும்பினாலும் பயனில்லை. வட்டை அன்மவுண்ட் செய்து (கழற்றி), எஃப்எஸ்சிகே (கோப்புமுறையைச் சரிபார்க்கும் கருவி) ஓட்டி, மறுபடி மவுண்ட் செய்தாக வேண்டும்.

சர்வரிலிருந்து நாஸுக்கு ஒரே பாதைதான் என்றால் இந்த டைம்அவுட்டை 300 நொடி ஆக்குங்கள். மல்டிபாத் (ஒன்றுக்கு மேற்பட்ட பாதை) வைத்திருப்பவர்கள் நேர்மாறாகக் குறைக்க வேண்டும்; இல்லாவிட்டால் மாற்றுப் பாதைக்குத் தாவத் தாமதமாகும். பலர் வழுக்குவது இங்கேதான்: பொதுவான கான்ஃபிக் கோப்பில் மாற்றினால் இனி டிஸ்கவரி செய்பவற்றுக்கு (புதிதாகத் தேடிச் சேர்க்கும் வட்டுகளுக்கு) மட்டுமே பொருந்தும். ஏற்கெனவே உள்ள நோட் பதிவை (முன்பே சேர்த்த வட்டு இணைப்பின் சேமித்த அமைப்பு) தனியாக அப்டேட் செய்து, லாக்அவுட், லாகின் கொடுக்க வேண்டும். செஷன் விவரத்தை பிரிண்ட் அளவு 2-இல் (எவ்வளவு விரிவாகக் காட்ட வேண்டும் என்ற எண்) கேட்டால் 'ரெகவரி டைம்அவுட்' என்ற பெயரில் அது இப்போது எவ்வளவு என்று தெரியும்.

நீண்ட மின்தடைக்குப் பிறகு சர்வர் முந்திக்கொண்டு எழும், நாஸ் பிந்தும். எஃப்எஸ்டேபில் (எந்த வட்டை எங்கே மவுண்ட் செய்வது என்ற பட்டியல்) வட்டை யூயூஐடியால் (அதன் தனி அடையாள எண்) குறித்து, நெட்டெவ் (நெட்வொர்க் வந்தபின் மவுண்ட் செய்), நோஃபெயில் (வட்டு இல்லாவிட்டாலும் பூட்டைத் தொடர்) இரண்டையும் போட்டால் பூட் நிற்காது. ஆனால் நோஃபெயிலுக்கு ஒரு கெட்ட குணம்: மவுண்ட் ஆகாத காலி அடைவில் மென்பொருள் சத்தமில்லாமல் உள்வட்டிலேயே எழுதிக்கொண்டிருக்கும். அன்மவுண்ட் நிலையில் அந்த அடைவை மாற்ற முடியாதபடி பூட்டிவிடுங்கள்; டேட்டாபேஸ் சேவையும் மவுண்ட் ஆனபின்தான் தொடங்கவேண்டும் என்று சிஸ்டம்டியில் (லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி நடத்தும் மென்பொருள்) கட்டிவையுங்கள்.

இரண்டு சர்வருக்கு ஒரே கோப்புகள் வேண்டுமென்றால் என்எஃப்எஸ்தான் (நெட்வொர்க்கில் கோப்புகளைப் பகிரும் முறை) சரி, அதுவும் ஹார்ட் மவுண்ட் (நாஸ் பதில் தரும்வரை பிழை காட்டாமல் காத்திருக்கும் வகை). ஒரே எக்ஸ்ட்4 வட்டை இரண்டிலும் மவுண்ட் செய்தால் கோப்புமுறை சிதைந்துபோகும்.

கட்டடம் விட்டுக் கட்டடம் காப்பர் கேபிள் இழுக்காதீர்கள். கோடை மழை இடிக்கு ஒரு முனையில் ஏறும் மின்னழுத்தம் மறுமுனை போர்ட்டையும் கருக்கும். ஃபைபர் போடுங்கள்.